ஒன்பது குழி போதும்

போன வாரம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் எங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேச்சோடு பேச்சாக ஒரு நண்பர் கேட்டார்.

"என்ன முசே, பிரான்சுல போய் கோல்ஃப் எல்லாம் விளையாடினியாமே? யூ.டி.சி.யா ரிட்டயர் ஆனவனுக்கு எதுக்குய்யா கோல்ஃப்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆமா, விளையாடினேன். ஒன்பது குழி" என்றேன்.

"முழு ஆட்டம் பதினெட்டு இல்ல? அப்ப பாதி ஆட்டம்தான்னு சொல்லு!"

மறுபடியும் சிரிப்பு. பிறகு பேச்சு பென்ஷன் நிலுவைப் பக்கம் போய்விட்டது. ஆனால் அந்தப் 'பாதி' என்ற வார்த்தை மட்டும் என்னோடு வீடு வரை நடந்து வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோல்ஃப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்து யாரும் ஓடிவிட வேண்டாம். நம் வயதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோல்ஃப் மைதானத்தை முதன்முதலில் பார்த்தது வேலிக்கு வெளியே நின்று. 1978இல் விடுமுறைப் பயணச் சலுகையில் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போயிருந்தேன். தூண் பாறை பார்க்கப் போகும் வழியில் பச்சைப் பசேல் என்று ஒரு சரிவு. நாலு பேர் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். "பாவம், எதைத் தொலைச்சாங்களோ" என்றாள் என் மனைவி. பந்தைத் தேடுகிறார்கள் என்றேன். "இவ்ளோ சின்னப் பந்தை இவ்ளோ பெரிய இடத்துல வெச்சு விளையாடினா தொலையாம என்ன செய்யும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அதை உணர எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

2017இல் அவள் காலமானாள். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் விடவே இல்லை. "மூணு மாசமாவது வந்து இருங்கப்பா" என்று விசாவுக்கு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். 2019 கோடையில் போனேன். எழுபது வயது.

மகள் வீடு வெர்சாய் தாண்டி, சான் கான்தான் பக்கம். நம் புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற வட்டாரம். மாப்பிள்ளை தபால் துறையில் வேலை. பேரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மகளும் மாப்பிள்ளையும் காலையில் போனால் மாலைதான் வருவார்கள். பேரன் விடுமுறையில் இருந்தான், ஆனால் அவனும் ஒரு விதத்தில் வீட்டில் இல்லை. கையில் போன். நான் பிரெஞ்சில் ஏதாவது கேட்டால் "உய்", "நோன்" என்று இரண்டு வார்த்தை. நான் பேசும் பிரெஞ்சு, பிரெவே படித்தபோது எங்கள் வாத்தியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்தது. அவனுக்கு அது கல்வெட்டு மாதிரி ஒலித்திருக்கும். நான் தமிழில் பேசினால் அவன் முழிப்பான். ஆக, பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் கோப்பு எழுதி, தமிழில் குடும்பம் நடத்திய எனக்கு, சொந்தப் பேரனோடு பேச ஒரு பாஷை கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, சும்மா நடந்துட்டு வரலாம், வாங்க" என்று கூப்பிட்டார். பேரனும் வந்தான். போய் நின்ற இடம் குயான்கூரில் உள்ள 'லெ கோல்ஃப் நசியோனால்'. முந்தைய ஆண்டு, 2018 செப்டம்பரில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை அங்கேதான் நடந்திருந்தது. ஐரோப்பா பதினேழரைக்குப் பத்தரை என்று ஜெயித்த போட்டி. பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கோல்ஃப் போட்டியும் அங்கேதான். தட்டையாக இருந்த நிலத்தில், பாரிஸ் கட்டட வேலைகளில் தோண்டிய மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, மேடும் பள்ளமும் ஆக்கி, 1990இல் திறந்தார்கள்.

அங்கே மூன்று மைதானங்கள். 'அல்பத்ரோஸ்' என்பது பதினெட்டுக் குழி, பெரிய போட்டிகள் நடப்பது. 'எக்ல்', அதாவது கழுகு, அதுவும் பதினெட்டு. மூன்றாவது 'உவாஸ்லே'. சின்னப் பறவை என்று அர்த்தம். ஒன்பதே குழி. இந்தப் பெயர்கள் எல்லாம் கோல்ஃப் கணக்கிலிருந்து வந்தவை. ஒரு குழிக்கு இத்தனை அடி என்று நிர்ணயம் உண்டு, அதற்குப் பெயர் பார். அதைவிட ஓர் அடி குறைவாக முடித்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். பார் எத்தனையோ அதற்கு மேல் ஒன்று போனால் போகி. அதற்கும் மேலே போகிறவர்களுக்குப் பறவைப் பெயர் ஏதும் கிடையாது. நான் அந்த ஜாதி.

கட்டணத்தை மாப்பிள்ளை கட்டினார். எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் பலகையில் பார்த்துவிட்டேன். மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. முப்பத்தெட்டு வருட குமாஸ்தா புத்தி, அது பென்ஷனோடு போகாது.

முதல் அடியில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டைதான் பறந்துவிடும் போல இருந்தது. இரண்டாவது அடியில் ஒரு பிடி புல் பறந்தது. மூன்றாவதில் பந்து இருபது அடி உருண்டது. அப்போதுதான் அது நடந்தது. பேரன் சிரித்தான். இரண்டு வாரத்தில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து, என் கையைப் பிடித்து, விரல் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினான். "தாத்தா, தூஸ்மான்" என்றான். மெதுவாக என்று அர்த்தம். எனக்கு யாரும் அப்படிச் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது.

மூன்றாவது குழியில் ஒரு மூதாட்டி எங்களோடு சேர்ந்துகொண்டார். எண்பது தாண்டியவர், தனியாக ஒரு சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். என் பிரெஞ்சைக் கேட்டதும் நின்றுவிட்டார். "உங்களைக் கேட்டால் என் தாத்தாவின் பள்ளிக்கூட வாத்தியார் பேசுவது மாதிரி இருக்கிறது" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயது வரை பதினெட்டுக் குழியும் ஆடினாராம். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மட்டும். "வருத்தமாக இல்லையா?" என்று கேட்டேன். "எதற்கு? முன்பெல்லாம் கடைசி ஐந்து குழியும் எப்போது முடியும் என்று இருக்கும். இப்போது எல்லாக் குழியும் ஆசையோடு ஆடுகிறேன்" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் ஒன்பது குழியும் முடிந்தது. கணக்குப் பார்த்தால் எழுபதுக்கு மேல் அடித்திருந்தேன். என் வயசுக்கு ஓர் அடி என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். அந்த மூன்று மாதத்தில் பேரனோடு பதினோரு தடவை அங்கே போனேன். வீட்டில் பேசாத பையன் அங்கே பேசினான். பந்தை நோக்கி நடக்கும்போது எதிரே பார்த்து நடக்கிறோம், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, பள்ளியில் அவனை ஒருவன் சீண்டுவது, கணக்கு வராதது, பாட்டி போனபோது தனக்கு அழுகை வராதது என்று எல்லாம் சொன்னான். கடைசியில் சொன்னதை அவன் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இப்போது நண்பரின் 'பாதி' என்ற வார்த்தைக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் "இதற்கு முன்மாதிரி இருக்கிறதா?" என்று கோப்பில் எழுதி அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தில் பதினெட்டுக்கு என்ன முன்மாதிரி என்று தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர். அங்கே போக 11, வர 11 என்று 22 குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். 1764இல், தொடக்கத்தில் இருந்த நாலு குழிகள் ரொம்பக் குட்டை என்று அவற்றை இரண்டாக்கினார்கள். போக 9, வர 9 ஆயிற்று. ஆக 18. மற்ற ஊர்க்காரர்கள் பிறகு அதைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். அவ்வளவுதான். வேதத்திலும் இல்லை, விஞ்ஞானத்திலும் இல்லை.

அதற்கு முன்னால், 1744இல், எடின்பரோ பக்கத்தில் லீத் என்ற இடத்தில்தான் கோல்ஃபுக்கு முதன்முதலில் விதிகள் எழுதினார்கள். பதிமூன்று விதி. அந்த மைதானத்தில் எத்தனை குழி தெரியுமா? ஐந்து. 1860இல் முதல் 'ஓப்பன்' போட்டி நடந்த பிரெஸ்ட்விக் மைதானத்தில் பன்னிரண்டு குழி, மூன்று சுற்று வந்தார்கள். மஸல்பரோ என்ற ஊரின் மைதானத்தில் ஒன்பதே குழி. 1874இலிருந்து 1889க்குள் ஆறு தடவை 'ஓப்பன்' அங்கே நடந்திருக்கிறது. குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவே அந்த ஒன்பது குழி இன்றும் இருக்கிறது. உலகம் பூராவும் கோல்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம். அந்த அளவும் மஸல்பரோவிலிருந்து போனதுதான். ஒன்பது குழி மைதானத்தின் அளவை உலகமே ஏற்றுக்கொண்டபோது, ஒன்பது குழி எப்படி பாதி ஆகும்? 2020இலிருந்து நடைமுறையில் இருக்கும் உலகளாவிய ஹேண்டிகேப் முறையும் ஒன்பது குழிக் கணக்கை ஏற்றுக்கொள்கிறது.

"அதெல்லாம் சரி, பணக்காரன் விளையாட்டுதானே?" என்று அடுத்த கேள்வி வரும். பாதி உண்மை. பை தூக்குகிற கேடி என்ற சொல்லே 'கதே' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இளையவன் என்று பொருள். ஆனால் அந்தக் கேடிகள் சும்மா இருந்துவிடவில்லை. 1907இல் பிரிட்டிஷ் 'ஓப்பன்' பட்டத்தை பிரிட்டனுக்கு வெளியே இருந்து வந்து முதன்முதலில் வென்றவர் அர்னோ மஸ்ஸி. பியாரிட்ஸ் பக்கத்தில் பை தூக்கியவர். நம் நாட்டில் 1991இல் இந்தியன் ஓப்பன் வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். சௌராசியாவின் அப்பா கல்கத்தாவில் மைதானத்துப் புல்லைப் பராமரித்தவர். விளையாட்டுக்கு ஏழை பணக்காரன் தெரியாது. வேலிக்குத்தான் தெரியும். வேலியைத் திறக்கும் முதல் வழி, மைதானத்தைச் சின்னதாக்குவது. ரைடர் கோப்பையைக் கேட்டு வாங்கியபோது பிரான்சு தந்த வாக்குறுதிகளில் ஒன்று, ஊர்களுக்குப் பக்கத்தில் நூறு சின்ன மைதானங்கள் அமைப்பது. பெரிய போட்டியைக் காட்டிச் சின்ன இடங்களை வாங்கினார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

அதற்காகப் புதுச்சேரியில் கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாராவது கேட்டால் முதல் ஆளாக எதிர்ப்பேன். பதினெட்டுக் குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். புல்லுக்குத் தினம் தண்ணீர் வேண்டும். இங்கே கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏரிகளைத் தூர் வார ஆள் இல்லாத ஊரில் புல்லுக்கு ஏது தண்ணீர்? என் மனைவி 1978இல் கேட்டதும் இதுதான். இவ்வளவு சின்னப் பந்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய இடம்?

நான் கேட்பது வேறு. எங்கள் தலைமுறைக்கு நகராட்சி என்ன செய்து வைத்திருக்கிறது? பூங்காவில் எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை. செருப்பைக் கழற்றிவிட்டு எட்டு போடுகிறோம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. சர்க்கரை எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு, அவ்வளவுதான் நம் ஸ்கோர். நடப்பது மருந்து. விளையாட்டு அப்படி இல்லை. விளையாட்டில் ஒருத்தன் தோற்க வேண்டும், அவனை இன்னொருத்தன் கேலி செய்ய வேண்டும், மறுநாள் அவன் பழி வாங்க வர வேண்டும். எழுபத்தைந்து வயதில் ஒரு மனிதனைக் காலையில் எழுப்ப அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு நம்மிடமே ஒரு விளையாட்டு இருக்கிறது. பெத்தாங்க். நம் பழைய சொல்தாக்கள் இரும்புக் குண்டை வைத்துக்கொண்டு ஆடுவதைச் சின்ன வயதில் எல்லோரும் பார்த்திருப்போம். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் நண்பர்களுக்குப் 'பாதி' என்ற வார்த்தை வராது.

பிரான்சின் தெற்கே லா சியோத்தா என்ற ஊர். சென்ற நூற்றாண்டின் தொடக்கம். அங்கே ஆடியது பெரிய ஆட்டம். குண்டை வீசுவதற்கு முன்னால் சில அடிகள் ஓடி வர வேண்டும், தூரமும் அதிகம். நன்றாக ஆடிய ஒருவருக்கு முடக்குவாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. அவர் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவருடைய நண்பர்கள் "அவன் கதை முடிந்தது" என்று விட்டுவிடவில்லை. ஆட்டத்தையே மாற்றினார்கள். தரையில் ஒரு வட்டம் போட்டு, தூரத்தைக் குறைத்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றபடியே வீசலாம் என்றார்கள். 'பியே தான்கே', ஊன்றிய கால். அதுவே பெத்தாங்க் ஆயிற்று. இன்று பெரிய ஆட்டத்தை ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர். நோயாளி நண்பருக்காகச் சின்னதாக்கிய ஆட்டத்தை உலகமே ஆடுகிறது. ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரம். போட்டிக்கே பதினைந்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம் போதும். புல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மண் தரை போதும். ஒவ்வொரு வட்டாரத்திலும் அந்த அளவுக்கு ஓர் இடம், இரண்டு பெஞ்சு, ஒரு விளக்கு, பக்கத்தில் பூட்டாத ஒரு கழிப்பறை. இதைத்தான் கேட்கிறேன். ஒரு பக்க மனுதான். எழுதித் தர நான் தயார்.

முடிப்பதற்கு முன் இன்னொன்று. 2023இல் மறுபடியும் மகள் வீட்டுக்குப் போனேன். பேரனுக்குப் பதினாறு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். "தாத்தா, உவாஸ்லே" என்று அவனே கூப்பிட்டான். இந்த நாலு வருடத்தில் என் முழங்கால்கள் வேறு ஆள் கால்கள் ஆகியிருந்தன. நாலாவது குழியிலேயே வலி. ஐந்தாவது முடிந்ததும் ஒரு மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் முடித்துவிட்டு வா என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது. ஒன்பதும் முடியாமல் போய்விட்டதே என்று.

அவன் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அவனுக்கு முன்பு ஒரு தடவை சொன்ன கதையை அவன் மறக்கவில்லை.

"தாத்தா, லீத்ல எத்தனை குழி?" என்று கேட்டான். தமிழிலேயே கேட்டான்.

"அஞ்சு."

"அப்ப ஆட்டம் முடிஞ்சது. ஸ்கோர் எழுதலாம்."

பென்சிலை எடுத்து ஐந்து குழிக்கும் எழுதிக் கூட்டி, அட்டையைக் கையில் கொடுத்தான். நாற்பத்திரண்டு. அந்த அட்டை இப்போது என் பென்ஷன் புத்தகத்துக்குள் இருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் பதினெட்டு முடியவில்லை என்று மட்டையைக் கீழே போட்டவர்கள். கச்சேரி முழுக்க உட்கார முடியவில்லை என்று போவதை நிறுத்தினோம். கோவிலைச் சுற்ற முடியவில்லை என்று வீட்டோடு இருக்கிறோம். முன்பு போலப் பூசைக்கு மண்டியிட முடியவில்லை என்று சர்ச்சுக்குப் போகாத நண்பரும் இருக்கிறார். முழுசாக முடியாது என்றால் வேண்டவே வேண்டாம் என்று நமக்கு யார் சொன்னது? எந்த முன்மாதிரி? ஆட்டத்தைச் சின்னதாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். உங்களால் முடியவில்லை என்றால் உங்கள் நண்பர்கள் செய்யட்டும்.

என்னிடம் மாப்பிள்ளை வாங்கிக்கொடுத்த ஒரு செட் இரும்புக் குண்டு இருக்கிறது. என்னைக் கேலி செய்த நண்பரிடம் திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் முழங்கால் சரியில்லை. இரண்டு பேரும் நின்ற இடத்திலிருந்தே வீசப் போகிறோம். தோற்றவர் டீ வாங்க வேண்டும்.